அவள் சொன்னதும் நான் சொன்னதும்

மத்தூர்ப் பக்கம் நாங்கள் படித்த அரசுப் பள்ளியில், ஆறாம் வகுப்பில் எங்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஆங்கில வழிப் பிரிவு அந்த வருடம்தான் புதிதாக வந்திருந்தது. என் அப்பா பள்ளிக்கு வந்து கையெழுத்துப் போட்டார். என் தோழியின் அப்பா அன்று யாருடைய மாந்தோப்புக்கோ மருந்தடிக்கப் போயிருந்ததால் வரவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே பெஞ்சில் ஐந்து வருடம் உட்கார்ந்திருந்த நாங்கள் மறுநாளிலிருந்து ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆனோம்.

பாடம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எங்கள் அறிவியல் டீச்சர் ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு ஒன்றும் ஏறாது. சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது அவள் தன் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். "ஒளிச்சேர்க்கைன்னா என்னா, எல தனக்குத் தானே சோறாக்கிக்குது. அவ்ளோதான்டி." அதற்குப் பிறகுதான் என் புத்தகத்திலிருக்கும் நீளமான சொல்லுக்கு அர்த்தம் வரும். பத்தாம் வகுப்பு வரை இப்படித்தான் ஓடியது. மதிப்பெண் எனக்கு வந்தது. இரண்டு மொழி படித்தவர்கள் உலகத்தில் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள் என்று தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் பேசியபோது என்னைத்தான் முன்னால் அழைத்து நிறுத்தினார்.

நான் அவ்வளவு தூரமெல்லாம் போகவில்லை. ஓசூர்ப் பக்கம் மின்கருவிகளுக்கு ஒயர் கட்டுகள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அவளும் அங்கேயே வந்தாள். எனக்கு மாடியில் கம்ப்யூட்டர் வேலை. அவளுக்குக் கீழே, ஈயம் உருக்கி ஒயர்களைப் பற்றவைக்கும் வரிசையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வருவோம். கீழே புகையை இழுக்கும் ஃபேன் ரிப்பேராகி மாதக் கணக்கில் ஓடாமலிருந்ததை அவள் பஸ்ஸில்தான் எனக்குச் சொன்னாள்.

வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஓர் அம்மையார் சோதனைக்கு வந்தார். மேலாளர்கள் யாரும் கூட இல்லாமல் தொழிலாளர்களிடம் பேச வேண்டும் என்றார். பெங்களூரிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். என்னை உட்காரச் சொன்னார்கள். உள்ளே போகும் முன் மனிதவள அதிகாரி, கன்னடக்காரர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஸ்வல்ப பாத்துச் சொல்லுங்கம்மா. ஆர்டர் வேற தேசத்துக்குப் போயிட்டா இத்தன ஜனா எங்க போவாங்க?"

அவர் மிரட்டவில்லை. கெஞ்சுவதைப் போலத்தான் சொன்னார்.

நான்காவதாக அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. வேறு யாராவது இருந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

"பொகை நெஞ்ச அடைக்குதுங்க மேடம். ரெண்டு தடவ மயங்கி உழுந்துட்டேன். கேட்டா, இஷ்டமிருந்தா இரு, இல்லாட்டி போன்னு சொல்றாங்க."

அந்த அம்மையார் என்னைப் பார்த்தார். சில நாள் களைப்பாக இருக்கிறதாம், மற்றபடி குறையில்லையாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வாக்கியம் வந்து விழுந்தது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, "ஸ்மோக், மேடம். ஸ்மோக்" என்றாள். 'நோ ஸ்மோக்கிங்' என்று சுவரில் மாட்டியிருந்த பலகையிலிருந்து கற்றுக்கொண்ட சொல்லாக இருக்கும்.

அம்மையார் பேனாவை எடுத்தார். எந்தப் புகை என்று கேட்டார். வீட்டில் விறகு அடுப்பு என்றேன் நான். அவர் தலையசைத்துவிட்டு, அவள் கையைத் தொட்டு ஏதோ ஆறுதலாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை.

அன்று பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். போச்சம்பள்ளி தாண்டியதும் எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஹோம்னு சொன்னியே. வூட்ட எதுக்குச் சொன்ன?"

"ஆர்டர் போயிடும்னு…"

"நான் ஆர்டரப் பத்தியா சொன்னேன்?"

சத்தம் போடவில்லை. பழைய சீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டு வாரத்தில் வேலையை விட்டாள். கம்பெனி சோதனையில் தேறியது. வாடிக்கையாளர்களோடு வீடியோவில் பேசும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் அவர்கள் பற்றவைக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னபோதுதான் புது ஃபேன் மாட்டினார்கள். அந்தப் படங்களின் கீழே ஆங்கிலத்தில் விளக்கம் எழுதியது நான்தான்.

போன ஆவணியில் கல்லாவிக்குப் பக்கத்திலிருக்கும் அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தாள். வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தவள் இருமல் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்தாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒருவழியாகச் சொன்னேன்.

"அன்னிக்கி நான் பண்ணது தப்பு. மன்னிச்சுக்கடி."

அவள் கை நிற்கவில்லை. வெடித்த பழம் ஒன்றை எடுத்துத் தனியாகப் போட்டாள்.

"மூணரைக்கு ஒரு பஸ் இருக்குது," என்றாள். "அத உட்டா ஆறு மணிக்குத்தான்."

மூன்றரை பஸ்ஸிலேயே திரும்பிவிட்டேன்.