தலைப்பிள்ளைகள் பிறக்காத ஊர்

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் டேம், மறு பக்கம் கம்பெனி, நடுவில் ஓடு போட்ட ஐந்து லைன் வீடுகள். வடகரப்பதி, நல்லேப்பிள்ளி, பொள்ளாச்சி என்று பல பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கிப்போனதால் உண்டான ஊர். கம்பெனி வருவதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், அதில் பாதி புளுகு. அதனால்தான் வாசகசாலை ஆண்டு மலருக்கு ஊர் வரலாறு வேண்டும் என்று கமிட்டியில் பேச்சு வந்தபோது, "நான் எழுதுகிறேன், ஆனால் காகிதத்தில் இருப்பதை மட்டும்தான் எழுதுவேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவள் என்கிற திமிர்.

காகிதம் ரொம்ப இல்லை. வீடு ஒதுக்கிய பட்டியல், சில பழைய ரேஷன் கார்டுகள், மூடிப்போன கம்பெனி டிஸ்பென்சரியின் பிரசவ நோட்டு. நோட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு சாயங்காலம் பிடித்தது. நர்ஸ் மலையாளத்தில் குண்டு குண்டாக எழுதியிருந்தார். கணவன் பெயர், லைன் நம்பர், குழந்தையின் எடை, எத்தனையாவது பிரசவம், கடைசியாக பைஸ்டாண்டர். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

இரண்டாம் பிரசவம், மூன்றாம் பிரசவம், இரண்டு, நான்கு, மறுபடி இரண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒன்று என்ற எண் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது. இதென்ன கூத்து என்று குழம்பினேன். நர்ஸ் மீதுகூடச் சந்தேகப்பட்டேன். மறுநாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. தலைப்பிரசவத்துக்குத்தான் எல்லாரும் அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்களே! அப்படியானால் அநேகமாக எந்த வீட்டு மூத்த பிள்ளையும் எங்கள் ஊரில் பிறக்கவில்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"அதத்தானக்கா நானும் இத்தன வருசமாச் சொல்றேன்? நான் இந்த ஊரு. நீ வந்தவ" என்று சிரித்தான்.

அவன் பிறந்தது அந்த டிஸ்பென்சரியில். நான் பிறந்தது வடகரப்பதியில், மாமா வீட்டில். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சண்டை வரும்போதெல்லாம் அவன் இதை எடுத்துவிடுவான், எனக்கும் சுருக்கென்று இருக்கும்.

விதிவிலக்குகளையும் எண்ணிவிடுவோம் என்று மறுபடி நோட்டை எடுத்து, இந்த முறை பெயர்களையும் சேர்த்துப் படித்தேன். முதல் பிரசவம் என்று நான்கு அகப்பட்டன. ஐந்தாவதாக அகப்பட்டதில் என் அப்பா பெயர் இருந்தது.

தேதி என் பிறந்த நாள். மூன்றாம் லைன், பெண் குழந்தை. எங்கள் வயதுக்காரர்களுக்கு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமே எல்லாவற்றுக்கும் போதுமாக இருந்ததால் பிறப்புச் சான்றிதழை நான் தேடியதே இல்லை. மற்ற பிரசவங்களில் பைஸ்டாண்டர் என்ற இடத்தில் அம்மா, மாமியார், அக்கா என்று இருந்தது. என்னுடையதில் ஆள் பெயரே இல்லை. 'மூன்றாம் லைன்' என்று மட்டும் எழுதியிருந்தது.

அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். போனில் எடுத்த படத்தைக் காட்டி வாசித்தேன். உரிப்பதை நிறுத்தவில்லை.

"மலருல போடப் போறயா?" இதுதான் முதல் கேள்வி.

"ஏம்மா எங்கிட்டப் பொய் சொன்னீங்க?" கோபமாகவே கேட்டேன்.

"வளகாப்பன்னிக்கு உங்கப்பனுக்கும் எங்கண்ணனுக்கும் ஒரு பேச்சு முத்திப்போச்சு கண்ணு. 'எம்பொண்டாட்டியப் பாத்துக்க எனக்குத் தெரியும்'னு உங்கப்பன் சொல்லிப்போட்டாரு. அண்ணன் எலைலயிருந்து எந்திரிச்சுப் போனதுதான். அப்பறம் ஆரும் கூட்டிட்டுப் போக வரல. வலி வந்தப்ப லைன்ல இருக்கற பொம்பளைகதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. மாத்தி மாத்தி இருந்தாங்க. பத்தியச் சோறு ஒரு நாளைக்கு ஒரு ஊட்டுலயிருந்து வந்துது."

மூன்று மாதம் கழித்து மாமா ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு டேம் கரையோடு நடந்தே வந்தாராம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அழுதாராம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டிப்போகாத வீடு என்ற பேர் தன் அண்ணனுக்கு வரக்கூடாது என்று, வடகரப்பதியில்தான் பிறந்ததாக அம்மா சொல்ல ஆரம்பித்தார். லைனும் சேர்ந்துகொண்டது. ஒரு வாய்கூட என்னிடம் உளறவில்லை. ஊர்க்காரர்களைப் புளுகர்கள் என்று சொல்லித் திரிந்தவள் நான்.

"அண்ணன் சொல்லிச் சொல்லி அவருக்கே நெசமாயிருச்சு. 'எங்க ஊட்டுல பொறந்தவ'ன்னு உன்னக் கண்டா வாய் ஓயாது அவருக்கு. அவரு இருக்கற வரைக்கும் எழுதாத. அப்பறம் எழுதிக்கோ."

மாமா அப்படிச் சொல்வதை நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் ஒவ்வொரு லீவுக்கும் நான் போகும்போது வடகரப்பதி பஸ் ஸ்டாப்பில் நின்றிருப்பார், என் கையைப் பிடித்தபடி எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு போவார். வெட்கத்தைத்தான் அவர் அப்படிச் சுமந்தாரா, ஆசையையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்ததுண்டு.

கட்டுரையை எழுதினேன். தலைப்பிள்ளைகள் பிறக்காத ஊர் என்ற பகுதியை எல்லாரும் மெச்சினார்கள். 'விதிவிலக்காக நான்கு தலைப்பிரசவங்கள் மட்டுமே டிஸ்பென்சரி நோட்டில் பதிவாகியுள்ளன' என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. தம்பி அதைப் படித்துவிட்டு மறுபடி கேலி செய்தான். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

மாசியில் மாமா போய்விட்டார். கருமாதி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது, டேம் தெரிந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனி எழுதிக்கோ கண்ணு."

மலர் வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தை எடுத்து, நான்கு என்று இருப்பதை ஐந்து என்று திருத்திக்கொள்ளுங்கள்.