சேவல் கூவாத காலை

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு தை மாதக் கடைசியில் நடந்தது இது. அண்ணனூரில் மின்சார ரயில் ஷெட்டுக்குப் பக்கத்துத் தெருவில், வரிசையாக நான்கு போர்ஷன்கள் உள்ள வீட்டில் மூன்றாவது போர்ஷனில் குடியிருக்கிறோம். போர்ஷனுக்கும் போர்ஷனுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நாங்கள் 'நூறாயுசு' சொல்லலாம். விடியற்காலையில் ரயில்கள் ஒவ்வொன்றாக ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது ஹாரன் அடித்துக்கொண்டே போகும். எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் பதறியடித்து எழுந்து உட்காருவார்கள். தெருக்காரர்கள் நாங்கள் புரண்டுகூடப் படுக்க மாட்டோம்.

அந்தச் சமயத்தில் எனக்கு வேலை இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டியவன் நான். முதலாளி புது மெஷின்கள் வாங்கி ஒரகடம் பக்கம் போனார். பழைய மெஷின்களை எடைக்குப் போட்டார், எங்களைக் கைகுலுக்கி அனுப்பினார். இரண்டு மூன்று இடங்களில் வேலை கேட்டுப் போனேன். எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர் வைத்த மெஷின். ஓர் இடத்தில் என்னை அதன் முன்னால் நிறுத்தி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். எந்தப் பொத்தானைத் தொடுவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை, மரியாதையாகத்தான் அனுப்பினார்கள். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து படுத்தவன்தான், அதற்குப் பிறகு எதற்குமே மனசு எழவில்லை.

உடம்புக்கு ஒரு குறையும் கிடையாது. மூன்று வேளையும் சாப்பாடு நன்றாகவே இறங்கியது. மனைவி துணிக்கடை வேலைக்கும், எட்டாவது படிக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு, டிவியை ஓடவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் எஸ்டேட்டிலேயே வேறு பட்டறையில் சேர்ந்திருந்தார். "ஹெல்பரா சேந்துக்கோ மச்சான், மூணு மாசத்துல புது மெஷினை நானே கத்துத் தரேன், சொல்லு, எடத்தைப் புடிச்சு வெக்கறேன்" என்று குரல் செய்தி அனுப்பினார். அதைக் கேட்டேன். பதில் போட விரல் வரவில்லை. நாளைக்குப் போடலாம் என்று வைத்தேன். அந்த நாளை வாரக்கணக்கில் நீண்டுகொண்டே போனது.

இதற்கெல்லாம் நடுவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் தவறாமல் நடந்துகொண்டிருந்தது. காலை நாலரைக்கு என் ஃபோனில் சேவல் கூவும். முதல் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் மகள் வைத்துக் கொடுத்த அலாரம் அது. சும்மா ஒரு சேவல் இல்லை, ஊரையே கூட்டும் சேவல். ஃபோனை பக்கத்து போர்ஷன் சுவரில் இருக்கும் அலமாரியில்தான் சார்ஜுக்குப் போடுவேன். வேலை போன பிறகும் அந்த அலாரத்தை எடுக்கவில்லை. எடுக்கவும் சோம்பல். தினமும் அது நாலைந்து தடவை கூவும், நான் தட்டுத் தடுமாறிப் போய் அதன் வாயை அடைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் சாயங்காலம் வெடித்துவிட்டாள்.

"எந்திரிக்கிறதா இருந்தா எந்திரி. இல்லாங்காட்டி அந்த சேவலைக் கொன்னுடு. ராவெல்லாம் கால் கடுத்து படுத்துக்கினு கீறேன், நாலரைக்கு அது என் உயிரை வாங்குது."

நியாயமான கோபம். உடனே ஃபோனை எடுத்து அந்த அலாரத்தை அழித்தேன். அந்த மாதத்தில் நான் உருப்படியாகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான். மறுநாள் காலை நிம்மதியாகத் தூங்கினேன்.

ரொம்ப நேரம் இல்லை. இன்னும் இருட்டு பிரியாத நேரத்தில் கதவு தடதடவென்று இடிபட்டது. திறந்தால் பக்கத்து போர்ஷன் பாய் வீட்டம்மா, தலையில் முக்காட்டை அள்ளிப் போட்டபடி, கையில் சாப்பாட்டுப் பையோடு நிற்கிறார். முகத்தில் அரைத் தூக்கம், கண்ணில் தண்ணீர்.

"அண்ணா, இன்னிக்கு இன்னா உங்க வூட்டு சேவல் கூவவே இல்ல?"

எனக்குத் தூக்கம் தெளியவில்லை. "நாங்க சேவல் வளக்கலையேம்மா" என்றேன்.

"ஃபோன் சேவல்ணா! அதை வெச்சுத்தானே நான் தினம் எந்திரிக்கிறேன். என் ஃபோன் தண்ணி பக்கெட்ல வுழுந்ததுலருந்து அதுல சத்தமே வர்றதில்ல. இன்னிக்கு பள்ளிவாசல்ல பாங்கு சொல்றப்போதான் முழிப்பே வந்துச்சு. ஓடிப் போய்ப் பாத்தா வேன் போயிடுச்சு."

இவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குத்தம்பாக்கம் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் பேக்கிங் வேலை. கம்பெனி வேன் எங்கள் தெருமுனைக்கு வந்து, ஆவடி, பருத்திப்பட்டு, பூந்தமல்லி வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு போகும். கணவர் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போனால் திரும்பிவர இரண்டு வாரம் ஆகும். வீட்டில் காது கேட்காத மாமியார். அந்த மாமியாருக்கு முடியவில்லை என்று சமீபத்தில் நிறைய லீவு போட்டுவிட்டார். இன்னொரு நாள் வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம்.

எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் கவிழ்த்தாள், பைக் சாவியைக் கையில் திணித்தாள்.

"வேனைப் புடி. போ" என்றாள்.

பைக்கை எடுத்து எத்தனை நாளாயிற்று என்று எனக்கே நினைவில்லை. மூன்று உதைக்கு அது முனகியது, நாலாவதுக்குத்தான் உயிர் வந்தது. அவர் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். லுங்கியும் பனியனுமாகக் கிளம்பினேன். குளிர் மூஞ்சியில் அறைந்தது. ஆவடி ரோட்டில் ஏறிய பிறகுதான் முழுசாக விழித்தேன் என்று சொல்ல வேண்டும்.

வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார், பதற்றத்தில் சிலர் அப்படித்தான்.

"எங்க வூட்டுக்காரர் ஃபோன் பண்ணாருன்னா உங்களைப் பத்திதாண்ணா சொல்வேன். வேலை போயும் அந்த அண்ணன் அசரல, நாலரைக்கு டான்னு எந்திரிச்சுடறாரு, எதுக்கோ கஷ்டப்பட்டுப் படிக்கிறாரு போலன்னு. அவரைப் பாத்துதான் நானும் எந்திரிக்கிறேன்னு சொல்லிகினு இருப்பேன்."

நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தேன், என் முகம் அவருக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, ரொம்ப வெட்கமாக இருந்தது. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நான் ஃபோனின் வாயை அடைத்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் ஒருவர் என்னைப் பெரிய உழைப்பாளி என்று நினைத்து அடுப்பு பற்ற வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த வெட்கம் அப்படியே ஆக்ஸிலேட்டருக்குப் போனது.

ஆவடியில் வேன் கண்ணில் பட்டது. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் சிக்னலில் மாட்டிக்கொண்டோம். பச்சை விழுந்தபோது அது கிளம்பிவிட்டது. பூந்தமல்லி ரோட்டில் எங்களுக்கு முன்னால் ஒரு மண் லாரி, ஒதுங்கவும் இல்லை, வேகமாகப் போகவும் இல்லை. பின்னால் அவர் ஏதோ ஓதிக்கொண்டே வந்தார். எனக்கு வண்டி ஓட்டுவதில் எப்போதுமே நம்பிக்கை உண்டு. மற்றதெல்லாம் போனாலும் அது போகவில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. இடம் கிடைத்த இடத்தில் லாரியைத் தாண்டினேன்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் வேன் நின்றிருந்தது. நாங்கள் நெருங்குவதற்குள் கதவை மூடிக்கொண்டு நகர்ந்தது. நான் யோசிக்கவில்லை. பக்கவாட்டில் போய், கையை ஆட்டிக்கொண்டே முன்னால் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். வேன் குலுங்கி நின்றது.

"யோவ்! வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?" என்று டிரைவர் கழுத்தை வெளியே நீட்டினார். பின்னால் இருந்து இறங்கியவரைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "நீயாம்மா? ஏறு, ஏறு, மணி ஆவுது." பிறகு என் லுங்கியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, படுக்கைலருந்து நேரா வந்துட்ட போல" என்றார். உள்ளே இருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்தும் நாளாகியிருந்தது.

வேன் நகரும்போது அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணா, நாளைக்கு சேவலை மறந்துடாதீங்க!"

அங்கேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். ஏரியின் மேல் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, நடைபயிற்சிக்காரர்கள் கை வீசிப் போனார்கள். கடையைச் சுற்றி கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனிப் பையன்கள். அந்தக் கூட்டத்தின் வாசனை, டீயும் தேங்காயெண்ணெயும் மெஷின் ஆயிலும் கலந்த வாசனை, எனக்கு அவ்வளவு பழக்கம். பக்கத்தில் நின்றவர், "ஃபர்ஸ்ட் ஷிப்டாண்ணா?" என்று கேட்டார், லுங்கியைக் கவனிக்கவில்லை போல. "இன்னும் இல்லப்பா" என்றேன். வாயில் வந்த அந்த 'இன்னும்' எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபோனை எடுத்து நண்பருக்கு, "எடம் இன்னும் கீதா மச்சான்?" என்று கேட்டு அனுப்பினேன். அந்த இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டதாகவும், அடுத்த மாதம் இன்னொன்று காலியாகும் என்றும் பதில் வந்தது. காத்திருக்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மகளிடம் ஃபோனைக் கொடுத்து சேவலுக்கு உயிர் கொடுக்கச் சொன்னேன். மனைவி டம்ளரில் காபியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் சேவல் கூவுவதற்கு முன்னாலேயே எனக்கு விழிப்பு வந்துவிட்டது. பயம்தான் காரணம். கூவ விட்டுவிட்டு, சுவரில் காதை வைத்துக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்ட பிறகுதான் அணைத்தேன். அதற்குள் என் தூக்கம் ஓடிப்போயிருந்தது, திரும்பக் கூப்பிட்டாலும் வராது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மோட்டார் போட்டுத் தண்ணீர் பிடித்தேன். அடுத்தடுத்த நாட்களில் மனைவிக்கும் மகளுக்கும் டிபன் நான் செய்தேன், முதல் சில தோசைகள் இந்திய வரைபடம் மாதிரி வந்தன. பிறகு ஃபோனில் அந்தப் புது மெஷின் பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தேன். உழைப்பாளி என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்ற ரோஷமும் இருந்தது. உற்சாகமெல்லாம் உடனே வந்துவிடவில்லை. சில நாள் படுக்கையில் உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொண்டுதான் எழுந்தேன். ஆனாலும் எழுந்தேன்.

அடுத்த மாதம் சொன்னபடி இடம் காலியானது. நாற்பது தாண்டிய வயதில் ஹெல்பராகச் சேர்ந்தேன். நண்பர் சொன்ன மூன்று மாதம் ஆறு மாதமாயிற்று, அதனால் என்ன, இன்றைக்கு அந்த மெஷினைத் தனியாக ஓட்டுகிறேன். முதல் ஷிப்ட்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் பாய் வீட்டம்மா புது ஃபோன் வாங்கிக்கொண்டு வந்து காட்டினார். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லண்ணா" என்றார். சந்தோஷம் என்றுதான் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒரு பொறுப்பைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி சின்ன வருத்தம்.

சித்திரையில் ஓர் இரவு முழுக்க கரண்ட் இல்லை. அலமாரியில் சார்ஜுக்குப் போட்ட ஃபோன் செத்துப்போனது எனக்குத் தெரியாது. புழுக்கத்தில் புரண்டு புரண்டு விடியற்காலையில்தான் கண்ணயர்ந்திருந்தேன். திடீரென்று சுவர் அதிர்ந்தது. கரண்டியோ பூரிக்கட்டையோ, எதையோ வைத்து அந்தப் பக்கத்திலிருந்து இடிக்கிறார்.

"அண்ணா! சேவல் கூவல! எந்திரிங்க, ஷிப்டுக்கு மணி ஆவுது!"

துள்ளி எழுந்தேன். பதிலுக்கு நானும் சுவரைத் தட்டினேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்கும் முதல் ஆளாகப் பட்டறையில் நின்றேன்.

மனசு முதலில் எழுந்தால்தான் நாம் எழ முடியும் என்று மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவன் நான். யாராவது ஒருவருக்காக முதலில் உடம்பை எழுப்பிவிட்டால் போதும், மனசு கொஞ்ச நேரம் கொட்டாவி விட்டுவிட்டு, தானே பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுகிறது என்று இப்போது சேவல் கூவும் ஒவ்வொரு காலையிலும் எனக்கு உறுதியாகத் தெரிகிறது.