மாமா அடித்த கோல்

எங்கள் அப்பாவுக்கு வாரத்தில் ஆறு நாள் அரசாங்க உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமையானால் கறுப்புச் சட்டையும் விசிலுமாகக் கிளம்பிப் போய் ஊராரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். திருவனந்தபுரத்தில் ஃபுட்பால் ரெஃப்ரியாக இருப்பது அப்படிப்பட்ட காரியம். கோட்டைக்குள் எங்கள் அக்ரஹாரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்த இன்னொரு ஆள் அம்மாவின் தம்பி. மாமா எங்கள் வீட்டில் தங்கிக் கல்லூரியில் படித்தார். படித்ததைவிட ஆடியதே அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, மாமாவின் கல்லூரிக்கும் அதன் பரம வைரிக்கும் இறுதி ஆட்டம் வந்தது. வரவேண்டிய ரெஃப்ரிக்குக் காய்ச்சலென்று காலையில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். மைத்துனன் ஆடுகிறான் என்று அப்பா சொல்லிப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. நானும் அடம் பிடித்துக் கூடப் போனேன்.

வாசலில் செருப்பைப் போடும்போது அப்பா சொன்னார்: “அங்கே நான் உனக்கு அப்பா இல்லை, அவன் உனக்கு மாமா இல்லை. வாயைத் திறக்கப்படாது.”

பஸ்ஸில் எனக்கு ஒரே யோசனை. அவர் அப்பா இல்லையென்றால் என்னை வீட்டுக்கு யார் கூட்டி வருவார்கள்?

மழை ஓய்ந்து மைதானம் சேறாக இருந்தது. கேலரியின் முதல் படியில் தண்ணீர் பாட்டிலும் குடையுமாக உட்கார்ந்திருந்தேன். இடைவேளையில் அப்பா தண்ணீர் குடிக்க வந்தபோது, என் பின்னால் எதிர்க்கல்லூரிக்காரன் ஒருவன் உரக்கச் சொன்னான்: “ரெஃபறி ஒன்பதாம் நம்பரின்றெ அளியனா. பின்னெ ஆரு ஜயிக்கும்?” ஒன்பதாம் நம்பர் மாமா. அக்காள் கணவரை மலையாளத்தில் அளியன் என்பார்கள். சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். அப்பா குடிக்காமலே பாட்டிலை மூடித் தந்துவிட்டுப் போனார்.

ஆட்டம் முடியப்போகும் நேரம், எதிர்க்கல்லூரி ஒரு கோல் முன்னால் இருந்தது. உயரத்திலிருந்து வந்த பந்தை மாமா தடுத்துக் காலில் இறக்கி, ஒரே அடியில் வலைக்குள் தள்ளினார். நான் என்னை மறந்து எழுந்துவிட்டேன். அப்பா விசில் ஊதினார். கையில் பட்டதாம், கோல் இல்லையாம்.

ஆட்டம் முடிந்ததுதான் தாமதம், மாமாவின் கல்லூரிப் பையன்கள் உள்ளே பாய்ந்து அப்பாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் மூலைக்கொடியின் கம்பைப் பிடுங்கி வைத்திருந்தான். கறுப்புச் சட்டை என் கண்ணில் படவில்லை. ‘அப்பா’ என்று கத்தினால் என்னையும் அடிப்பார்கள், கத்தாவிட்டால் அவரைக் கொன்றுவிடுவார்கள். பாட்டிலைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாவாடை நனைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவுக்கு முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் மார்பில் இறுகக் கட்டியிருந்தார். குளிர் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

“ஸார் விளிச்சது சரியாணு. பந்து என்றெ கையிலாணு கொண்டது,” என்றார். தன் கையில்தான் பந்து பட்டதென்று அவரே சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு விழவேண்டிய அடி மாமாவுக்கு விழுந்தது. போலீஸ்காரர்கள் வந்து விலக்கிவிடுவதற்குள் உதடு கிழிந்துவிட்டது.

வீட்டில் அம்மா உதட்டுக்கு மஞ்சள் வைத்துவிட்டு, ஜெர்ஸியைக் கழற்றச் சொன்னாள். வெள்ளை ஜெர்ஸியின் நெஞ்சில் பந்து அளவுக்கு வட்டமாகச் சேறு.

“கையில பட்டுதுன்னு குழந்தை சொன்னாளே?” என்றாள் அம்மா.

“மார்லதான் பட்டுது,” என்றார் அப்பா. “நான் பார்த்தேன்.”

“போறது, விடுங்கோ அத்திம்பேர்,” என்றார் மாமா.

எனக்கு மாமா மேல்தான் கோபம். அத்தனை பேர் முன்னால் பொய் சொல்லியிருக்கிறார். பார்த்தவர் ஏன் விசில் ஊதினார் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா ஜெர்ஸியைத் தோய்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, இடைவேளையில் அளியன் என்று கத்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு உயிரே போய்விட்டது, அப்பா மட்டும் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா ஆமாம் என்றாள். சேறு போய் வெகுநேரமாகியும் அந்த இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.