கழுத்தில் நெறி கட்டியபோது

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்குள் குடியிருந்தோம். எனக்கு இருபத்தாறு வயது. முன்கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கழலை. வலி இல்லாததால் அதை அட்டிகைக்குள் ஒளித்து நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

தம்பி கல்யாணம் நெருங்கியது. மேல்காதில் கெம்புக் கொப்பு போட்டுக்கொள்ள எனக்குக் கொள்ளை ஆசை. "மொதல்ல கழலைய டாக்டர்ட்ட காட்டு. அப்பறம் காது குத்திக்கலாம்" என்று மாமியார் தடுத்துவிட்டார். நான் கேட்கிற ஆளா? கோவிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, ஆசாரியிடம் போய் இடது காதில் குத்திக்கொண்டு வந்தேன். நாலே நாளில் பழுத்துவிட்டது. அப்போதெல்லாம் காதை மூடித் தலைவாருவதுதான் நாகரிகம். யார் கண்ணிலும் படாமல் தப்பித்தேன்.

அடுத்த வாரம் கணவர் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் தண்ணீர் விழுங்கச் சொல்லிக் கழலையைத் தொட்டுப் பார்த்தார். வேகமாக வளர்ந்ததா, குரல் கம்மியதா என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அவர் விரல்கள் கழுத்தின் இடது ஓரத்துக்குப் போய் நின்றுவிட்டன. அங்கே இரண்டு இடத்தில் நெறி கட்டியிருந்தது. கழலையிலிருந்து பரவியதாக இருந்தால் அது புற்றுநோய், ஆபரேஷன் செய்தாலும் குணமாகும் என்று சொல்வதற்கில்லை என்று கணவரிடம் தணிந்த குரலில் சொன்னார். என் காதிலும் விழுந்தது. மூன்று வயது மகளை யார் வளர்ப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்போதும் காதைப் பற்றி வாயைத் திறந்தேனா என்றால், இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்றே தோன்றவில்லை.

இன்னொரு தடவை நன்றாகப் பார்ப்பதற்காக முடியைத் தூக்கிக் கட்டச் சொன்னார் டாக்டர். நாகர்கோவில்கார நர்ஸ் என் முடியை ஒதுக்கினாள்.

"எம்மா, காது பழுத்துல்லா கெடக்கு. இத ஏன் சொல்லாம இருந்திய?"

டாக்டர் குனிந்து பார்த்தார். "காது பழுத்தாலும் நெறி கட்டும், கேட்டோ. முதல்ல அது ஆறட்டும், பின்னே நோக்காம்" என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். அவர் முகம் தெளிந்திருந்தது. என் கணவர் சிரித்தாரா அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பத்து நாளில் காது ஆறியது. நெறியும் கரைந்தது. அதற்குப் பிறகு கழலையை எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை. மாமியார் என் காதைத் திருகவில்லை. பாவம், அது பட்டது போதும் என்று விட்டுவிட்டார். தம்பி கல்யாணத்தில் கொப்பும் இல்லாமல் அட்டிகையும் இல்லாமல், ஊஞ்சல் பாட்டெல்லாம் நானேதான் பாடினேன். அவ்வளவு சந்தோஷம்.

சின்னத் திட்டுக்குப் பயந்து, என் வீட்டுக்காரரை அரைமணி நேரம் நான் செத்துப்போவதை நினைக்க வைத்தேனே என்று இன்றும் வெட்கப்படுகிறேன். இப்போதெல்லாம் டாக்டர் எதிரில் உட்கார்ந்தால் அவர் கேட்காததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.