அக்கரைக்குப் போகவைத்தவர்கள்

நேற்று மத்தியானம் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் வேலைக்குப் போகவென்று ஆங்கிலம் படிக்கிறாள். போனை அலுமாரியில் சாய்த்துவைத்து, வெங்காயம் உரித்தபடியே பாடம் கேட்பாள். அதற்குள்ளிருந்து ஒரு டீச்சர், "இன்றைய வினைச்சொல் ஃபெரி" என்றார்.

"ஃபெரி எண்டா நம்மட பழைய பாதைதானே மகள்?" என்று கேட்டேன். கிண்ணியாத் துறையில் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றி, வடம் பிடித்து அக்கரைக்கு இழுத்துப்போகும் அந்தப் பெரிய பலகைத் தெப்பத்தை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம்.

"ஓம் மாமி. அது செய்யிற வேலைக்கும் அதான் பேராம். ஏத்திக்கொண்டுபோய்ச் சேர்க்கிறது. பிள்ளையள வேன்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோறதும் ஃபெரி பண்றதாம்."

"தண்ணியே இல்லாமலா?"

"தண்ணி வேணாம். உங்களுக்கு நாளுக்கு நாலுதரம் தேத்தண்ணி ஃபெரி பண்றது ஆரு?"

டீச்சர் பிறகு சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பழைய ஆங்கிலத்தில் போவதற்கு ஒரு சொல் இருந்ததாம். போகவைப்பது என்ற இந்தச் சொல் அதற்குப் பிறந்த பிள்ளையாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சொல்லுக்கும் தாய் உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? போவதென்றால் தனியே போகலாம். போகவைக்க இன்னொருவர் வேண்டும். கையிலிருந்த மீன் வாடையோடு துறையின் வாடையும் வந்துவிட்டது: கருவாடு, டீசல், நனைந்த வடம்.

அப்போது எனக்குப் பதினான்கு வயதிருக்கும். ராத்தாவுக்கு, என் அக்காவுக்கு, தலைப்பிள்ளை. மருத்துவிச்சி, "என்னால ஏலாது, திருகோணமலைக்குக் கொண்டு போங்க" என்று கையை விரித்துவிட்டார். மச்சான் ராத்தாவை மாட்டுவண்டியில் கொண்டுவர, பாதையை மறிக்க என்னை முன்னால் ஓடவிட்டார்கள். ஆளைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவளைத்தான் அனுப்பினார்கள், பாருங்கள்.

நான் போனபோது பாதை கரையை விட்டிருந்தது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. முக்காட்டை உருவி ஆட்டினேன்.

"என்ன புள்ள, ஆட்டத் துலைச்சிட்டியா?" என்று பாதைக்காரர் கேட்க, ஏறியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு குரலும் வந்தது.

"ராத்தாக்குப் புள்ள வருகுது! திரும்புங்க!"

சிரிப்பு நின்றது. கரையை விட்ட பாதை எந்த அதிகாரிக்காகவும் திரும்பாது; பிரசவத்துக்கு மட்டும் திரும்பும். அதுதான் துறையின் வழக்கம். பாதைக்காரர் வடத்தை மாற்றிப் பிடித்தார். மற்ற ஆண்களும் கைகொடுத்தார்கள். "என்ட மீனெல்லாம் நாறப்போகுது காக்கா" என்று பாதைக்காரரிடம் முணுமுணுத்த மீன்காரரும் முணுமுணுத்தபடியே இழுத்தார்.

ராத்தாவை ஏற்றிப் பாதித் தண்ணீர் போயிருப்போம். "இனி ஏலாது தங்கச்சி" என்று என் கையை நெரித்தாள்.

பாதைக்காரர் குரல் கொடுத்தார். "ஆம்புளையள் எல்லாம் தண்ணியப் பாருங்க! வடத்த விடாதீங்க!"

நம்புவீர்களோ தெரியாது, அத்தனை ஆண்களும் ஒரேயடியாக முதுகைக் காட்டித் திரும்பினார்கள். பெண்கள் முந்தானைகளை விரித்துச் சுற்றி நின்றார்கள். முன்பின் தெரியாத, வெருகல் ஊர் அம்மா ஒருவர் ராத்தாவின் தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டார். ராத்தாவின் மூச்சும் வடம் உரசுவதும் மட்டும்தான் கேட்டன. அந்த முதுகுகள் வியர்வையில் நனைந்திருந்தன. பிள்ளை அழுதது. அப்போதும் ஒரு தலை திரும்பவில்லை.

மீன்காரர் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டார். "தாய்க்கு எப்பிடி?"

"சுகம்" என்றேன்.

"புள்ள?"

"பொம்புளப்புள்ள."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வடத்தை இன்னும் பலமாக இழுத்தார்.

இப்போது அங்கே பாலம். நல்லதுதான், இனி எந்தத் தாயும் பலகையில் கிடக்க வேண்டாம். போன மாதம் பஸ்ஸில் அதைக் கடக்கையில் ஓர் ஆம்புலன்ஸ் எங்களை முந்திப் போனது. உள்ளே இருப்பது யார், என்ன ஆயிற்று என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்ல அங்கே யாருமில்லை.