இன்னைக்கு என்ன கறி?

என் கணவர் தம்புள்ளையில் லொறிக்கு மரக்கறி மூட்டை ஏற்றுபவர். அங்கேதான் ஹெரோயினை ஊசியில் ஏற்றிக்கொள்ளவும் பழகினார். அதை விடுவதற்கு மாத்தளையில் ஒரு கிளினிக்கில் தினமும் மெதடோன் என்ற பாணி மருந்தைக் குடிக்கக் கொடுத்தார்கள்.

முதல் நாள் நானும் போனேன். மருந்தைக் குடித்த ஒவ்வொருவரிடமும் நர்ஸ், “இன்னைக்கு வீட்டுல என்ன கறி?” என்று கேட்டார். ஊரார் வீட்டுக் கறி இவருக்கு எதற்கு என்று எனக்கு ஒரே யோசனை.

என் கணவர் குடித்துவிட்டு விழித்தார். வீட்டில் சாப்பிட்டே பல நாளாகியிருந்தது. நான் முந்திக்கொண்டு, “பலாக்கொட்டைக் கறி, மிஸ்!” என்றேன்.

நர்ஸ் சிரித்துவிட்டார். “நீங்க சொல்லக் கூடாதுங்க. அவர் வாயைத் திறந்து பேசினாத்தான் மருந்தை முழுங்கிட்டாருன்னு தெரியும்.”

அந்தச் சிரிப்பு தந்த துணிவில் கேட்டேன்: “ஒரு போதைக்குப் பதிலா இன்னொன்னா, மிஸ்?”

“அளவாக் குடுத்தா போதை ஏறாதுங்க. உடம்பு நடுங்காது, ஊசியைத் தேட மாட்டாரு. ஒருத்தர் போட்ட ஊசியை இன்னொருத்தர் போட்டா எச்.ஐ.வி. தொத்தும். அவருக்கு வந்தா உங்களுக்கும் வரலாம்.”

ஊசி அவரை மட்டும் பிடித்த சனி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்றே இருவருக்கும் ரத்தம் சோதித்தார்கள். எச்.ஐ.வி. இல்லை என்றார்கள்; மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்க வரச் சொன்னார்கள்.

மறுநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“இன்னைக்கு என்ன கறி?”

மிஸ்ஸுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். அவர் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம்! அன்று கறிக்கு உப்புப் போட்டேனா என்பது இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை.