முதலாளியின் எடை குறைந்த கதை

யுவராணிக்குச் சொந்த ஊர் எம்.ரெட்டியபட்டி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் பருத்தி எடுத்துப் படிக்கவைத்த பெண். இப்போது அருப்புக்கோட்டையில், சண்முகவேலின் சேலைக் கடையில் வேலை. பில் போடுவது, கடையின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது, முதலாளி சொல்வதற்கெல்லாம் முகம் மாறாமல் தலையாட்டுவது. மூன்றாவதுதான் கஷ்டம்.

தீபாவளி நெருங்குகிற நேரத்தில் வெப்சைட் படுத்துவிட்டது. மாதத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்று சர்வர் கம்பெனி வைத்திருந்த அளவு பாதி மாதத்திலேயே தீர்ந்துபோனது. திறந்தால் சேலைக்குப் பதிலாக, லிமிட் முடிந்ததென்று ஓர் அறிவிப்பு.

சண்முகவேலுக்குச் சந்தேகமே இல்லை. "எவனோ பொறாமைல செஞ்சிருக்கான். வெளிநாட்டுல ஆள் வச்சு உறிஞ்சுறாய்ங்க."

உறிஞ்சியது யாரென்று யுவராணி பார்த்தாள். முதல் பக்கத்தில், முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தும் வீடியோ, திறந்தவுடன் தானாக ஓடியது. பொன்னாடை வாங்கியதும் அவர்தான், விழாவுக்குப் பந்தல் போட்டதும் அவர்தான். அதற்குக் கீழே, கல்யாணக் கேமராக்காரர் கொடுத்தபடியே ஏற்றிய அவருடைய படங்கள். ஒவ்வொன்றையும் பேனராக அடித்து பஸ் ஸ்டாண்டில் கட்டலாம். சேலைகள் அதற்கும் கீழே. போதாததற்குக் கல்லாவுக்கு எதிரே இருந்த டிவியில் நாள் முழுக்க இதே பக்கம். வீடியோ முடியும்போதெல்லாம் பக்கம் புதிதாகத் திறந்து, டேட்டாவை முதலிலிருந்து இழுத்தது.

"முதலாளி, உங்க படத்தோட எடையக் கொறைக்கணும்."

அவர் குனிந்து வயிற்றைப் பார்த்தார். "குண்டாவா தெரியுறேன்?"

"ஃபைலோட எடை. பாக்குறவுகளுக்கு வித்தியாசம் தெரியாது."

படங்களைச் சுருக்கினாள். அமுக்கினால் மட்டும் ஓடும்படி வீடியோவை மாற்றினாள். டிவிக்கு மட்டும் அதை பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள். சண்முகவேல் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"மூக்கு லேசா சின்னதாயிருச்சோ?"

"இல்ல முதலாளி."

மறுமாதம் லிமிட் தாண்டவில்லை. தாண்டாததுதான் புதுச் சிக்கலானது. பக்கம் திறக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டி, பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று காட்டும் பெட்டி ஒன்று பக்கத்தின் ஓரத்தில் உண்டு. வியாபாரிகள் கூட்டத்தில் போனை நீட்டி அந்தக் கணக்கைக் காட்டுவது அவருக்கு வழக்கம். அது இப்போது நகரவே மாட்டேன் என்றது.

"ஏம்மா, பாத்தவுகள்லாம் எங்க போனாக?"

யுவராணி டிவியைப் பார்த்தாள். அதில் அவர் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவுக எங்கயும் போகல முதலாளி. இங்க, நம்ம டிவிலதான் இருந்தாக."

சண்முகவேல் கல்லா மேஜையைத் துண்டால் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் பெட்டிய எடுத்துரும்மா. டேட்டா மிச்சமாகும்ல."

பெட்டிக்கு எடையே கிடையாது என்று அவளுக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு எடுத்தாள். எடுத்த கையோடு, சேலைகளையெல்லாம் அவர் படத்துக்கு மேலே தூக்கிவைத்தாள். சண்முகவேல் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.